மூன்றாவது கரண்டி: வன்னியின் கவலையும் சீனிக் கணக்கும்

ஒரு கோப்பை பிளேன்ரீக்கு 3 தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி 5 கிராம் என்றால் கோப்பைக்கு 15 கிராம், 60 கலோரி. விடிய எழும்பியதும் ஒன்று, 10 மணிக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாடு பிந்தினால் ஒன்று, பின்னேரம் ஒன்று, பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்று. மொத்தம் 5 கோப்பை, 75 கிராம், 300 கலோரி. மாதத்துக்கு இரண்டேகால் கிலோ. வருடத்துக்கு 27 கிலோவைத் தாண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் இப்படிக் குடித்தால் மாதம் 9 கிலோ சீனி தேத்தண்ணியில் மட்டும் கரைகிறது.

இது எந்த ஆய்விலும் எடுத்த எண் இல்லை. வன்னியில், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு வீட்டுக் குசினியில் நின்று போடக்கூடிய கணக்கு. உங்கள் வீட்டில் 2 கரண்டியாக இருக்கலாம், 7 கோப்பையாக இருக்கலாம். எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லிவிட்டது. ஒருவரின் நாளாந்தச் சக்தியில் சேர்த்த சீனி 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 வீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இது 50 கிராம், 25 கிராம். கோப்பைக்கு 3 கரண்டி என்றால் 75 கிராம்; 2 கரண்டி என்றால் 50; ஒரு கரண்டி என்றால் 25. பிஸ்கட், சோடா, பணிஸ் எதுவும் சேராத கணக்கு இது.

இன்னொரு அளவுகோலும் உண்டு. 2016 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இலங்கையில் விற்கும் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக்குறி போட வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 150 மில்லிலீற்றர் கோப்பையில் 15 கிராம் சீனி போட்டால் 100க்கு 10 கிராம், மஞ்சளின் மேல் விளிம்பு. அதே 3 கரண்டியை 120 மில்லிலீற்றர் கிளாசில் போட்டால் 12½ கிராம், சிவப்பு. போத்தலில் வந்தால் பிள்ளைக்கு வேண்டாம் என்று நாம் ஒதுக்கும் பானத்தின் அளவு இனிப்பை வீட்டுக் கேத்தலிலிருந்தே ஊற்றிக் கொடுக்கிறோம்.

ஏன் இவ்வளவு? நாக்குக்கு ருசி தேடும் ஆசை என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. வன்னியில் கவலைக்குச் சாப்பிடுவது என்பது பெரும்பாலும் கேக்கும் ஐஸ்கிறீமும் இல்லை. தேத்தண்ணி, அதோடு இரண்டு பிஸ்கட், கையில் கிடைத்தால் மிக்சர், கடையில் நின்றால் ஒரு ரோல்ஸ் அல்லது வடை, பின்னேரம் ரவுணுக்குப் போனால் கொத்துரொட்டி. இவற்றில் மலிவானதும் எந்த நேரத்திலும் கைக்கு எட்டுவதும் சீனி போட்ட பிளேன்ரீ. ஆகவே கணக்கை அங்கேயே வைத்துப் பார்ப்போம்.

100 கலோரி வாங்க எவ்வளவு செலவு? விலை கிழமைக்குக் கிழமை மாறுவதால் சுற்று எண்களை எடுத்துக்கொள்கிறேன். கிலோ சீனி 240 ரூபா, அரிசி 230, பருப்பு 300, உடைத்த கச்சான் 1,000, முட்டை ஒன்று 40 ரூபா, 100 கிராம் பிஸ்கட் பைக்கற் 150.

சீனி: 6 ரூபா.
அரிசி: ஏறத்தாழ 6½ ரூபா.
பருப்பு: 9 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு.
கச்சான்: 17 முதல் 18 ரூபா.
பிஸ்கட்: 31 ரூபா.
முட்டை: 57 ரூபா.

சீனியும் அரிசியும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனால் அரிசிக்கு அரை மணித்தியால அடுப்பு வேண்டும், கறி வேண்டும், சமைக்கும் மனநிலையும் வேண்டும். சீனிக்குத் தண்ணீர் கொதித்தால் போதும். மனம் சோர்ந்திருக்கிற பெண்ணொருத்தி மத்தியானம் தனக்கு மட்டும் உலை வைப்பதில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணியோடு சமாளித்துவிடுகிறாள். அவளுடைய பசிக்கும் கவலைக்கும் சேர்த்து 60 கலோரி. இரண்டு மணித்தியாலத்தில் பசி திரும்பி வரும், இன்னொரு கோப்பை. இரவில் சோறு கூடும். அவளைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று சொல்வது அநியாயம். அவள் நாள் முழுக்கக் கட்டித்தான் இருக்கிறாள்.

உடம்பு இதில் என்ன செய்கிறது என்பதும் தெரிந்த விஷயம். திடீர்ப் பயம் பசியை அடக்கும். கவலை நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீளும்போது கோட்டிசோல் என்ற சுரப்பு கூடிநின்று இனிப்பையும் கொழுப்பையும் கேட்க வைக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் மேரி டால்மன் குழுவினர் 2003இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்கியது. நீண்ட அழுத்தத்துக்குள்ளான எலிகள் சீனித் தண்ணீரையும் கொழுப்பையும் தேடிச் சாப்பிட்டன. சாப்பிட்டபோது அழுத்தச் சுரப்பின் ஓட்டம் உண்மையிலேயே தணிந்தது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் சேர்ந்தது. அதாவது அந்தக் கோப்பை கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்கிறது. அதனால்தான் கை திரும்பவும் போகிறது.

நித்திரை அடுத்த கணக்கு. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 12 இளைஞரை இரண்டு இரவு 4 மணித்தியாலமும், வேறு இரண்டு இரவு 10 மணித்தியாலமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 2004இல் வந்த முடிவு: நித்திரை குறைந்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்ரின் 18 வீதம் குறைந்தது, இனிப்பும் உப்பும் மாவும் கேட்டார்கள். இரண்டே இரண்டு இரவு, அதுவும் சுகதேகிகளான இளைஞர். வன்னியில் நித்திரை கெட்டு வருடக்கணக்காகிறவர்கள் இருக்கிறார்கள்.

போரின் பக்கத்தை எழுதாமல் இந்தக் கணக்கு முடியாது. 2008 செப்ரெம்பரில் ஐ.நா. அமைப்புகள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. அந்த ஜனவரியோடு தரைவழி உணவு வாகனத் தொடரும் நின்றது. மே மாதம் வரை முள்ளிவாய்க்கால் பக்கத்தில் சனம் உயிர்வாழ்ந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியில். இன்றும் ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சி ஊற்றப்படுகிறது. பிறகு வவுனியா முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர், வரிசையில் நின்று வாங்கிய அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி. அந்த முகாம்களில் ஒன்றான மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அவசரகால நிவாரணத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. கலோரி எண்ணில் கிடைக்கலாம். முட்டையும் மீனும் கீரையும் பழமும் அந்தப் பொதியில் இல்லை.

பசியில் கிடந்த உடம்பு பசி முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 முதல் 45 வரை, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் அன்செல் கீஸ், தன்னார்வத்தோடு வந்த 36 ஆண்களை 24 கிழமை அரைப்பட்டினி போட்டார். கால்வாசி எடை போனது. அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள், தேத்தண்ணியும் கோப்பியும் மாறி மாறிக் குடித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியபோது சிலர் ஒரு நாளைக்கு 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டும் நிறைவு வரவில்லை என்றார்கள். தாங்களாக முன்வந்தவர்கள், குண்டு விழாத இடம், முடிவுத் திகதி தெரிந்த பட்டினி. அப்படியும் இந்த விளைவு. கோப்பையில் சீனி குறைந்தால் மனம் பதறுகிற ஒரு முல்லைத்தீவுத் தாயை விளங்கிக்கொள்ள இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

அதே 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நடந்ததும் இங்கே பொருந்தும். ஜேர்மன் முற்றுகையால் அம்ஸ்ரடாமில் பங்கீடு 400 முதல் 800 கலோரிக்கு இறங்கியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் 50 வயதானபோது சோதித்துப் பார்த்தார்கள். இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. 2009இல் வன்னியில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தத் தலைமுறையின் இனிப்புக் கணக்கை மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

மனத்தின் கணக்கையும் யாரோ எடுத்திருக்கிறார்கள். 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்து 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் வந்த ஆய்வு, பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம் என்றது. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களைத் தனியே பார்த்தால் பதகளிப்பு 48.5, மனச்சோர்வு 41.8. அங்கே இரண்டில் ஒருவருக்கு இருந்த பதகளிப்பு, கடைசி வரை போருக்குள் கிடந்த வன்னிச் சனத்துக்குக் குறைவாக இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பதில் கேட்டுப் போராட்டத்தில் குந்தினார்கள். 2022 ஓகஸ்டில் அந்தப் போராட்டம் 2,000 நாளைத் தாண்டியது. பதில் வராமல் காத்திருப்பதுதான் நீண்ட அழுத்தம் என்பதன் முழு அர்த்தம். அப்படிக் காத்திருப்பவரின் வெறும் வயிற்றில் முதலில் விழுவது ஒரு கோப்பை தேத்தண்ணிதான்.

போர் முடிந்த பிறகு கடன் வந்தது. நுண்கடன் வாங்கிய பெண்களுக்காக 2018இல் அரசு ஒரு நிவாரணம் அறிவித்தது: வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்கள், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அதற்குள் அடக்கம், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்கள். கடன் கட்டும் நாள் என்றால் என்ன என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். 50,000 ரூபா எடுத்து, முழுத் தொகைக்கும் 20 வீத வட்டி போட்டு, 50 கிழமையில் கட்டினால் கிழமைக்கு 1,200 ரூபா. அந்த 1,200 எங்கிருந்து வரும்? மீனை வெட்டுவார்கள், முட்டையை வெட்டுவார்கள், மரக்கறியைக் குறைப்பார்கள். சீனி கடைசி வரை நிற்கும்.

பிறகு 2022 நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தது. படகு வைத்திருப்பவனுக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவனுக்கும் அது ஒரே நாளில் விழுந்த அடி. மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபாவானது. பால்தேத்தண்ணி பிளேன்ரீயாக மாறிய வீடுகள் எத்தனை! 10 கிராம் பால்மாவில் 2½ கிராம் புரதம் இருந்தது. அது போய்விட்டது, கசப்பை மறைக்கச் சீனி கூடியது. 2019 வீட்டு வருமானச் செலவுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் வறுமை 44.5 வீதம், நாட்டிலேயே அதிகம். நெருக்கடிக்கு முன்பே இருந்த நிலை அது.

இப்போது 9 கிலோவுக்குத் திரும்புவோம். கிலோ 240 ரூபா என்றால் மாதம் 2,160 ரூபா. 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டம் தொடங்கியபோது வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா. அதில் கால்வாசி தேத்தண்ணிச் சீனிக்கே போயிருக்கும். இதில் அரசின் பங்கும் உண்டு. 2020 ஒக்ரோபரில் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டது. 2023 நவம்பர் 2ஆம் திகதி மீண்டும் 50 ரூபாவாக ஏற்றப்பட்டது. நமது வீட்டின் 9 கிலோவுக்கு அதுவரை இரண்டேகால் ரூபா வரி, அன்றிலிருந்து 450 ரூபா. சீனிக்கு வரி போடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மாதம் 450 ரூபாவை வாங்கிய அரசு அதே வீட்டுக்கு முட்டையை மலிவாக்கவில்லை, உளவளத்துணையாளரை அனுப்பவில்லை. மலிவான ஆறுதலின் விலையை ஏற்றிவிட்டு வேறு ஆறுதல் எதையும் தராமல் இருப்பது அரைவேலை.

சரி, அந்த ஆறுதலின் அளவு என்ன? 2014இல் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சோகமான படக்காட்சிகளைக் காட்டி மனத்தைத் தாழ்த்திவிட்டு, சிலருக்கு அவர்களே ஆறுதல் தரும் என்று சொன்ன உணவு, சிலருக்கு விருப்பமான வேறு உணவு, சிலருக்குச் சாதாரணத் தின்பண்டம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. சில நிமிடத்தில் எல்லோருடைய மனநிலையும் ஒரே அளவு தேறியது. ஒன்றும் சாப்பிடாதவர்களுடையதும் தேறியது. நேரம்தான் வேலை செய்தது, பெயர் உணவுக்குப் போனது. ஆய்வுகூடத்துச் சோகமும் வன்னியின் சோகமும் ஒன்றில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கோப்பை தேத்தண்ணியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருகிறது. சூடு இருக்கிறது, வாசம் இருக்கிறது, கையை வைத்திருக்க ஒரு கோப்பை இருக்கிறது, ஐந்து நிமிடம் குந்தியிருக்கச் சாட்டு இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா வந்தால் ஒரு கதை இருக்கிறது. இவை எல்லாம் 0 கலோரி. மூன்றாவது கரண்டி அதற்கு மேல் தருவது 20 கலோரி மட்டும்.

ஆகவே வெட்ட வேண்டியது கோப்பையை இல்லை, மூன்றாவது கரண்டியை. 4 பேர், 5 கோப்பை, கோப்பைக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 100 கிராம், மாதம் 3 கிலோ, 720 ரூபா. ஒரு முட்டை 40 ரூபா என்றால் 18 முட்டை. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி குறையும். ஒரே நாளில் வெட்டினால் வீட்டில் சண்டை வரும்; இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி என்று இறக்கினால் நாக்கு கூடவே இறங்கிவரும். இரண்டு மூன்று மாதத்தில் பழைய தேத்தண்ணி அளவுக்கு மீறித் தித்திக்கத் தொடங்கும்.

நமது பெரியவர்களிடம் இன்னும் நல்ல வழி இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சீனி தட்டுப்பட்டபோது கையில் ஒரு கரண்டி சீனியையோ ஒரு கடி பனங்கட்டியையோ வைத்துக்கொண்டு, நக்கி நக்கி வெறுந்தேத்தண்ணியைக் குடித்தார்கள். இனிப்பு நேரே நாக்கில் படுகிறது, அதனால் 5 கிராமே போதும் போலத் தோன்றும். 5 கோப்பைக்கு 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொன்ன நல்ல எல்லை அதுவே. பனங்கட்டியும் சீனிதான், நீரிழிவுக்காரர் அளவில்லாமல் கடிக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. பயன் பனையில் இல்லை, அளவில் இருக்கிறது.

பின்னேர வாய்க்கும் ஏதாவது வேண்டும். 100 கிராம் பிஸ்கட் பைக்கற்றில் 450 முதல் 490 கலோரி. கவலையோடு பிரித்தால் பாதியில் மூடுவது அரிது. ஒரு கைப்பிடி, 30 கிராம் வறுத்த கச்சான் 170 கலோரி, 7 கிராம் புரதம். கச்சான் வன்னி மண்ணில் விளைவது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பாத பொருள். தோலோடு வாங்கினால் இன்னும் நல்லது, உடைக்க உடைக்க நேரம் போகும், கைக்கும் வேலை. ஒரு கோப்பை அவித்த கடலையோ பயறோ, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, வயிற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்து வைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் மத்தியானச் சோற்றை மத்தியானமே சாப்பிடுவது. அந்த ஒரு நேரம் விழாமல் இருந்தால் இரண்டு கோப்பை தானாகக் குறையும்.

எல்லோரும் கூடச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. துக்கத்தில் சாப்பாடு இறங்காதவர்கள், எடை குறைந்துகொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள்மேல் போடக் கூடாது. அவர்களுக்கு அந்த 300 கலோரியும் தேவைப்படலாம், முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களும் சாப்பாட்டை விடுவதோ திடீரெனக் குறைப்பதோ கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 2018–19இல் எடுத்த இலங்கை ஆய்வொன்று வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு என்றது. இன்னும் 30 வீதமளவில் அதன் வாசலில். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 35 வயது தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இதை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். நித்திரை இல்லை, மனம் ஆறவில்லை, சாப்பாடு கையை மீறிப் போகிறது என்றால் மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தில் 24 மணித்தியாலமும் ஆள் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள், வீடுகளுக்கு இல்லை, பொது இடங்களுக்கு. மாதர் சங்கக் கூட்டம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் மண்டபம், செத்த வீடு, போராட்டக் கொட்டில் எல்லாவற்றிலும் தேத்தண்ணி சீனி கலந்தே கேத்தலில் வருகிறது. வருகிறவர்களில் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கக்கூடும், மறுத்தால் மரியாதைக் குறைவென்று வாங்கிக் குடிக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து தேத்தண்ணியை வெறுமையாக ஊற்றி, சீனியை ஒரு கிண்ணத்தில் கரண்டியோடு புறம்பாக வையுங்கள். 50 பேர் வந்து, ஆளுக்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டால் அன்றைக்கே கால் கிலோ சீனி மிஞ்சும்.